மைக்ரானின் ஐஸ் ஓட்டை

ஒரு மனிதர் முப்பத்தோரு வருடங்கள் ஒரே முக்காலியில் உட்கார்ந்து மனிதத் தசையை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டால் போலீஸ் வரவேண்டும். இவர் விஷயத்தில் வரவில்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

அவர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த தசை லேபில் டெக்னீஷியன். நடக்க முடியவில்லை, கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை என்று வருகிறவர்களின் தொடையிலிருந்தோ தோளிலிருந்தோ மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டை டாக்டர்கள் வெட்டி அனுப்புவார்கள். அதை உறையவைத்து, சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது இவர் வேலை. எட்டு மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியை நீளவாக்கில் எட்டாகப் பிளக்க உங்களுக்குப் பொறுமை இருந்தால், அதில் ஒரு கீற்றின் கனம் சுமார் எட்டு மைக்ரான் வரும். இப்படிச் சீவிச் சீவி அவருடைய சொந்தப் பெயரும் தேய்ந்துபோய், வாசல் காவலாளி முதல் ஆஸ்பத்திரித் தலைவர்வரை எல்லோருக்கும் அவர் மைக்ரான் ஆகிவிட்டார்.

வீட்டில் இந்தத் திறமைக்கு மரியாதை கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவி அவரிடம் தக்காளி நறுக்கச் சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தவள், தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தக்காளிக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது.

"என்னங்க, தக்காளிய நறுக்கச் சொன்னா, அதோட போட்டோவ எடுத்து வெச்சிருக்கீங்க."

அன்றோடு அவர் கையிலிருந்து வீட்டுக் கத்தி பறிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு தொடைக்கு உரியவரின் எதிர்காலத்தையே நம்பிக் கொடுத்த கை அது. சமையலறையில் அதற்குத் தேங்காய் உடைக்கும் உத்தியோகம்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது ஐந்து வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். ஆனாலும் காலை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய வலது மணிக்கட்டு தன்னால் சுழல ஆரம்பிக்கும். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் சுழலும். லேபில் தசை சீவும் குளிர்ப்பெட்டியின் சக்கரத்தைச் சுற்றும் நேரம் அது. ஒரு சுற்றுக்கு ஒரு சீவல். சுற்றும்போது கேட்கும் 'ஷ்ரக்' என்ற சின்னச் சத்தத்தை நினைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, பக்கத்தைப் புரட்டுவார். அந்தப் பக்கத்தில் இருந்த செய்தி எதுவும் மனதில் ஏறியிருக்காது.

லேப் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நீளமான ஒரே அறை. ஒரு ஜன்னல், அதுவும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைப் பார்த்தபடி. ஆகவே தசை விஞ்ஞானத்தின் முன்னேற்றம் முழுவதும் உலர்கிற படுக்கை விரிப்புகளின் முன்னிலையில்தான் நடந்தது. ஒரு மூலையில் குளிர்ப்பெட்டி. இடுப்பு உயரம், மேலே கண்ணாடி மூடி, உள்ளே எப்போதும் உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே. ஐசோபென்டேன் என்ற திரவத்தின் வாசனை, பெட்ரோல் பங்க்கில் மழை பெய்தாற்போல லேசாக இருக்கும். திரவ நைட்ரஜன் குடுவையைத் திறந்தால் வெள்ளைப் புகை மேசையில் வழிந்து, விளிம்பில் இறங்கி, செருப்பின் மேல் உட்காரும். லேபுக்குள் தேநீர் கூடாது என்பது சட்டம். அதனால் எல்லோரும் நடைபாதையில் நோயாளிகளை நிறுக்கும் எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார்கள். நிற்க இடம் போதாதபோது ஒருவர் இயந்திரத்தின் மேல் ஏறிக்கொள்வார். குடித்து முடிக்கும்போது எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது அந்நாளைய ஆராய்ச்சிகளில் ஒன்று.

அந்த அறையில் மூன்று பேர். இரண்டாவது ஆள் சாயக்காரம்மா. மைக்ரான் சீவிக் கொடுத்ததற்குச் சாயம் ஏற்றுகிறவர். அவருடைய விரல் நுனிகள் ஒருநாளும் மனித நிறத்தில் இருந்ததில்லை. ஒரு தேர்தலின்போது வாக்குச்சாவடியில், "நீங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து விரலாலும் போட்டேனா என்று அவர் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

மூன்றாவது டாக்டரம்மா. நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர். நுண்ணோக்கிக்குள் குனிந்தே இருப்பதால் கண்ணைச் சுற்றி இரண்டு வளையம் பதிந்திருக்கும். மனித முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. நடைபாதையில் ஒருவர் வணக்கம் சொன்னால் முழிப்பார். "போன வருஷம் என் தோளுல எடுத்தீங்களே" என்றால் உடனே முகம் மலரும். "ஓ, அந்த அழகான தோளா, உக்காருங்க" என்பார்.

தசைக்கு விரோதிகள் பலர் என்பது மைக்ரானின் சித்தாந்தம். முதல் விரோதி பார்மலின். மற்ற உறுப்புகளையெல்லாம் அதில் ஊறப்போடலாம். தசையைப் போட்டால் அதிலுள்ள நொதிகள் செத்துவிடும், பிறகு பாதிச் சோதனைகள் செய்ய முடியாது. இரண்டாம் விரோதி தண்ணீர். துண்டைச் சலைனில் லேசாக நனைத்த துணியில் சுற்றி, ஐஸ் மேல் வைத்து, உடனே அனுப்ப வேண்டும். நனைத்த துணி வேறு, நனைந்த தசை வேறு. இதை ஆபரேஷன் அறைக்கு அவர் எத்தனை முறை போன் செய்து விளக்கினாலும் யாராவது ஒருவர் துண்டைச் சலைன் பாட்டிலுக்குள் மிதக்கவிட்டு அனுப்பிவிடுவார்.

"மீன் வளக்குறீங்களா டாக்டர்?" என்று ஒருமுறை போனில் கேட்டுவிட்டார். எதிர்முனையில் இருந்தவர் அறுவைசிகிச்சைப் பிரிவின் தலைவர். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மைக்ரான் தன் பதிலில் தண்ணீரில் மிதக்கும் தசைக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாடுகளை வரிசையாக எழுதி, தன் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மூன்றாம் விரோதிதான் மிகக் கொடியது. அது மெதுவாக உறைவது. தசைக்குள் முக்கால்வாசி தண்ணீர். ஆற அமர உறைந்தால் அந்தத் தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் படிகமாகி, இழைகளைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். கண் இமைக்கும் நேரத்தில் உறைந்தால் படிகம் கட்ட அவகாசம் இருக்காது. அதற்காகத்தான் ஐசோபென்டேன். ஒரு உலோகக் குவளையில் அதை ஊற்றி, திரவ நைட்ரஜனில் இறக்கிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்து குளிர்ந்து, கடைசியில் குவளையின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் கட்டும். அந்தப் படலம்தான் உத்தரவு. அது வருவதற்கு முன் எந்த மகாராஜாவின் தசையையும் இறக்கக்கூடாது. வந்த பிறகு, கார்க் வில்லையின் மேல் இழைகள் செங்குத்தாக நிற்கும்படி பசையால் நிறுத்திவைத்த துண்டைக் கவிழ்த்து முக்கிப் பதினைந்து எண்ணினால் போதும். கல் மாதிரி ஆகிவிடும்.

வெள்ளைப் படலத்துக்காகக் காத்திருக்கும்போது மைக்ரானின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் பேருந்துக்கும், பிரசவ வார்டு வாசலில் பிள்ளைக்கும் காத்திருப்பவர்களுக்கு அந்த நிதானம் வராது. தன் மகள் பிறந்த அன்று அவரே அப்படி நிதானமாக இருக்கவில்லை.

வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து உறையவைத்து வரும் துண்டுகளில் ஓட்டை இருந்தால் தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து, "இது தசை இல்ல, கொசுவலை" என்று தீர்ப்புச் சொல்வார். சாயக்காரம்மா சிரிப்பார். டாக்டரம்மாவுக்கும் வாயோரம் லேசாக அசையும். இருபத்தாறு வருடம் அவர் கையில் ஐஸ் ஓட்டை விழுந்ததில்லை. இதை அவர் தாமாகச் சொல்லிக்கொண்டதில்லை. கேட்கிற மாதிரி மற்றவர்களை நடந்துகொள்ள வைப்பார், அவ்வளவுதான்.

அந்த இருபத்தாறாவது வருடத்தில்தான் மச்சானின் கால் படுத்துக்கொண்டது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பேருந்து ஓட்டுநர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தங்கை புருஷன் என்ற முறைக்கு 'நீங்க', 'வாங்க' என்று மரியாதையைக் கணக்காகக் கொடுத்துவிட்டு, அந்த மரியாதைக்குள்ளேயே ஊசியை வைத்துக் குத்துகிறவர். மைக்ரானின் வேலையைப் பற்றி முதல்முறை கேட்ட அன்றே, "ஓ, கறிக்கடை வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க மாப்ள. பொட்டலம் மட்டும் சின்னது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இருபது வருடம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் "கடை தொறந்திருக்கா?" என்றுதான் விசாரிப்பார்.

அவருக்கு முதலில் மாடிப்படி ஏறுவது கஷ்டமானது. பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறும்போது தொடையை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பிரேக்கை மிதிக்க நினைத்தார். நினைப்புக்கும் கால் அழுந்துவதற்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி விழுந்தது. பேருந்து ஒரு ஆரஞ்சுப்பழத் தள்ளுவண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பணிமனைக்குப் போய், "எனக்கு ஸ்டியரிங் வேணாம் சார்" என்று அவரே சொல்லிவிட்டார். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை வைத்திருக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள்.

"குடைங்களுக்கெல்லாம் டிரைவர் ஆயிட்டேன் மாப்ள" என்றார். "நாப்பத்தேழு குடை. ஒண்ணுகூட ஸ்டாப்பிங் வந்துருச்சான்னு கேக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழ மூன்று முறை முயன்றார். மைக்ரானின் மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

டாக்டரம்மா இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மைக்ரானிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று வெறும் தசை அழற்சி. மாத்திரை உண்டு, பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவார்கள். மற்றொன்று அதன் கூடப்பிறந்ததுபோல இருக்கும், ஆனால் இழைகளுக்குள் ஓட்டை ஓட்டையாக விழும். அதற்கு மாத்திரை வேலை செய்யாது. சில வருடங்களில் சக்கர நாற்காலி. எது என்பதைத் தொடைத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் அறை வாசலில், பச்சை அங்கியில், மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, சொந்தக்காரன்னு பாத்து நெறைய போட்டுக்காதீங்க. கொஞ்சமா எடுங்க."

"பேசாம போங்க மச்சான்."

"எலும்பு இல்லாம."

பத்தரை மணிக்குத் துண்டு வந்தது. ஈரத்துணிக்குள், ஐஸ் மேல், சொன்னபடி வந்தது. சாயக்காரம்மா ஏற்கெனவே கையுறை போட்டு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு நான் உறைய வெக்கிறேன். நீங்க வெளிய போய் டீ குடிங்க."

"ஏன், எனக்கு என்ன?"

"சொந்தக்காரங்க சதை. கை ஆடும்."

"என் கையா?" என்றார் மைக்ரான். அந்த இரண்டு சொல்லில் இருபத்தாறு வருடத்தையும் போட்டு நிரப்பினார். சாயக்காரம்மா கையுறையைக் கழற்றினார்.

கை ஆடவில்லை. அது உண்மை. பூதக்கண்ணாடிக்கு அடியில் இழைகள் ஓடும் திசையைப் பார்த்தார். நூல்கண்டு போல நேராக இருந்தன. கார்க்கின் மேல் செங்குத்தாக நிறுத்தினார். குவளையை நைட்ரஜனில் இறக்கிக் கலக்கினார். அப்போதுதான் அது நடந்தது. அது கையில் நடக்கவில்லை. எத்தனையோ துண்டுகளைப் பார்த்த கண்ணுக்கு இந்தத் துண்டு மட்டும் காய்கிற மாதிரி தெரிந்தது. ஓரம் மங்குகிற மாதிரி, வெளியே நிற்கிற ஒவ்வொரு நொடியும் மச்சானுக்கு வலிக்கிற மாதிரி. குவளையின் அடியைக் குனிந்து பார்த்தார். வெள்ளை தெரிந்தது. படலம் கட்டிவிட்டது என்று முடிவு செய்தார். துண்டை முக்கினார்.

அது படலம் இல்லை. குவளையின் வெளி விளிம்பில் ஏறிய உறைபனி உள்ளே பிரதிபலித்தது. இதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இருப்பவர்தான் குழப்பிக்கொள்வார். அல்லது, இருபத்தாறு வருட அனுபவமுள்ளவர், அவசரத்தில்.

பதினொன்றுக்குச் சீவினார். குளிர்ப்பெட்டிக்குள் சீவல் சுருளாமல் படிந்து, தகட்டைப் பக்கத்தில் கொண்டுபோனதும் தாவி வந்து ஒட்டிக்கொண்டது. முப்பத்தோரு வருடத்திலும் அவருக்குச் சலிக்காத ஒரே காட்சி அந்தத் தாவல். சாயக்காரம்மா வாங்கிப்போய்ச் சாயம் ஏற்றினார். தன் பக்கத்துச் சின்ன நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்தார். வழக்கமாக ஏதாவது சொல்வார். அன்று ஒன்றும் சொல்லாமல் தகட்டை டாக்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவருடைய விரல்கள் கழுவினால் போகிற விரல்கள் அல்ல என்பது ஊரறிந்த விஷயம்.

மூன்றரை மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"பாருங்க."

பார்த்தார். இளஞ்சிவப்பு இழைகள். நடுநடுவே நீலப் புள்ளிகளாக அழற்சி அணுக்கள். இழைகளுக்குள் ஓட்டை. ஒன்றிரண்டு இல்லை.

"இது வேற யாராவது உறைய வெச்சதா இருந்தா ஐஸ்னு சொல்லித் தள்ளிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. "நீங்க வெச்சது. உங்க கையில ஐஸ் ஓட்டை வராது. அப்ப இது அந்தக் கெட்டதுதான் போல இருக்கு. எதுக்கும் நாளைக்குக் காலையில இன்னொரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். மனசத் தேத்திக்குங்க."

மைக்ரானின் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அதைக் கேட்கும்போதே, குவளையின் அடியில் பார்த்த வெள்ளை எது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயர், மச்சானைச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்க எழுந்து நின்றது. வாயைத் திறந்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இதை நியாயப்படுத்த இடமில்லை. ஆனால் ஒரு மனிதனிடம் ஒரே ஒரு பெருமை இருந்து, அதையும் அவன் வாயாலேயே கழற்றி வைக்க வேண்டும் என்றால் ஒரு சாயங்காலம் ஆகும்.

அந்தச் சாயங்காலம் வீட்டில் மச்சான் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். தொடையில் கட்டு. தங்கை சூப் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்ன மாப்ள, நம்ம சரக்கு எப்படி? நல்லாருக்கா?"

"நாளைக்குத்தான் தெரியும் மச்சான்."

"மூஞ்சிய பாத்தா இன்னிக்கே தெரியற மாதிரி இருக்கு."

"என்னங்க சொன்னாங்க டாக்டரம்மா?" என்றாள் மனைவி.

"நாளைக்குச் சொல்றேன்னாங்க."

மச்சான் சூப்பை ஊதிக் குடித்தார். சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, மைக்ரான் அதுவரை அவரிடம் கேட்டிராத தொனியில் பேசினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நடக்கறது போனாப் போகுது. வண்டி ஓட்ட முடியுமா முடியாதா? ஏன்னா மாப்ள, அந்தக் குடைங்க ரூம்ல ஒரு ஜன்னல் இருக்கு. அதுக்கு நேரா என் வண்டி நிக்குது. வேற ஒருத்தன் எடுக்கறான். கியர் மாத்தத் தெரியல அவனுக்கு. கேக்கவே முடியல."

மைக்ரான் எழுந்து பால்கனிக்குப் போனார். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை முடியும்வரை எண்ணினார். பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

மறுநாள் காலை டாக்டரம்மா வருவதற்கு முன்பே அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க டாக்டரம்மா. அந்த ஓட்டை என்னுது."

"என்ன?"

"படலம் கட்டறதுக்கு முன்னாடி முக்கிட்டேன். அது ஐஸ் ஓட்டை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். மைக்ரானின் முகத்தை நேராகப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாகப் பார்த்திருக்கலாம்.

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"நேத்து எனக்குத் தெரியல."

"தெரியலயா?"

"தெரிஞ்சுது. ஒத்துக்கல."

அறையின் மறுகோடியில் சாயக்காரம்மா ஒரு பாட்டிலை எடுத்துத் தேவையே இல்லாமல் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"மிச்சத் துண்டு எவ்வளவு இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"முக்கால்வாசி. உருக்கி மறுபடி உறைய வெச்சுப் பாக்கலாம். பல தடவ ஓட்டை மறைஞ்சுடும். நோயோட ஓட்டையா இருந்தா அப்படியே நிக்கும்."

"மறையாட்டா, மறுபடி அவர் தொடையில வெட்டணும். ஐஸா, நோயான்னு தெரியாம என்னால எழுத முடியாது."

"தெரியும். அத நானே அவர்கிட்ட சொல்றேன்."

கல்லாய்க் கிடந்த துண்டைக் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது மெல்ல இளகி, மங்கி, பழையபடி ஈரமான சின்னத் தசைத் துண்டாக மாறியது. ஒற்றுத்தாளில் ஈரத்தை எடுத்தார். மறுபடி கார்க், மறுபடி பசை, மறுபடி குவளை. இந்த முறை சாயக்காரம்மா பக்கத்தில் வந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான் பாத்துச் சொல்ற வரைக்கும் முக்கக் கூடாது."

"சரிம்மா."

"இப்பக் கட்டிருச்சா?"

"நீங்கதானே சொல்லணும்."

"கலக்குங்க. இன்னும் கலக்குங்க. வெளிய இருக்கற பனிய பாக்காதீங்க, உள்ள பாருங்க. அங்க. அடியில. இப்ப."

முக்கினார். பதினைந்து எண்ணுவதற்குப் பதில் இருபது எண்ணினார். குளிர்ப்பெட்டியில் அரை மணி வைத்து, சீவினார். அன்றைக்குச் சீவல் தாவி ஒட்டியபோது அவர் அதை ரசிக்கவில்லை.

சாயம் ஏறி முடிய இன்னும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அவர் நடைபாதையில் எடை இயந்திரத்தின் மேல் நின்றார். அங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. போகிறவர்கள் வருகிறவர்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா கூப்பிட்டு, நுண்ணோக்கியிலிருந்து நகர்ந்து இடம் கொடுத்தார். மைக்ரான் குனிந்தார். இழைகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி நின்றன. நீலப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஓரத்து இழைகளைத் தேடினார், நடுவைத் தேடினார், தகட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினார். ஓட்டை இல்லை.

"வெறும் அழற்சி" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை எழுதறேன். முகம் கொஞ்சம் உப்பும், சொல்லிடுங்க."

"சரிங்க."

"இன்னொண்ணு. இனிமே ஓட்டையப் பாத்தா மொதல்ல உங்களத்தான் கேப்பேன். உங்க ஓட்டையா, அவங்க ஓட்டையான்னு."

"கேளுங்க டாக்டரம்மா."

மீதி ஐந்து வருடமும் அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும், எல்லோர் காதிலும் விழும்படி. வேறு யாராவது என்றால் அவமானத்தில் இடமாற்றம் கேட்டிருப்பார்கள். மைக்ரானுக்கோ, அந்தக் கேள்விக்கு யோசித்து, நேராகப் பதில் சொல்லும்போது ஒரு நிம்மதி வரும். இன்று வீட்டில் உட்கார்ந்து அந்த அறையை நினைக்கும்போது நைட்ரஜன் புகைக்கும் சலவை விரிப்புகளுக்கும் முன்னால் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. வீட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மனைவி நேராகத் தீர்ப்பே சொல்லிவிடுகிறாள்.

மச்சானுக்கு முகம் உப்பியது. கன்னம் இரண்டும் பந்து மாதிரி ஆனது. "கறிக்கடையில கொழுக்க வெச்சுட்டாங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மூன்றாம் மாதம் படி ஏறினார். எட்டாம் மாதம் பணிமனை வைத்தியர் அவரைப் பத்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். இவர் பன்னிரண்டு முறை எழுந்து, போதுமா என்று கேட்டார். ஸ்டியரிங் திரும்பி வந்தது.

வண்டியை எடுத்த முதல் நாள் மதியம், மைக்ரான் பணிமனைக்குப் போனார். பேருந்து காலியாக நின்றது. மச்சான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்ரான் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். அவசரப்பட்டது, பனியைப் படலம் என்று நினைத்தது, ஒரு சாயங்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னார்.

மச்சான் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அதாவது, நான் சூப் குடிச்சுட்டு இருந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மச்சான்."

"காலையில போய்ச் சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

"இருபத்தாறு வருஷத்துல ஒரே ஒரு தப்பு. அதுவும் என் தொடையில."

"ஆமா."

மச்சான் துணியை மடித்து, கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

"நல்லவேளை மாப்ள. வெளியாளுக்குப் பண்ணிருந்தா பேரு கெட்டுப்போயிருக்கும். குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுது."

மைக்ரான் கம்பியை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"போய் ஒரு சீட்ல உக்காருங்க" என்றார் மச்சான், சாவியைத் திருப்பிக்கொண்டே. "நின்னுட்டு வராதீங்க. பிரேக் நல்லா புடிக்குது."